தனித்து நின்ற புள்ளி

என் வண்டி எண்ணை யாரோ உரக்கச் சொன்னது காதில் விழுந்தது. தடுப்புப் பலகைக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். எண்ணைவிட முதலில் உறைத்தது குரல்தான். என் கணவரின் தம்பி, என் கொழுந்தன். நான்கு வருடங்களாக நான் கேட்காத குரல்.

“எங்க மதினி அண்ணாச்சி. மனசு சரியில்லாம பிள்ளையையும் கூட்டிக்கிட்டு வீட்ட விட்டுப் போயிட்டாவ. எங்கண்ணன் சோறு தண்ணியில்லாமக் கெடக்கான். இந்த ஊரு பஸ் ஸ்டாண்டுல அவியள ஒருத்தர் பாத்திருக்காரு. வண்டி எங்கன நிக்குதுன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. நான் கால்ல விழுந்தாவது கூட்டிக்கிட்டுப் போயிருதேன்.”

சொல்லும்போதே அழுதான். அவன் அழக்கூடியவன்தான். அண்ணன் என்னைச் சுவரோடு அழுத்திப் பிடித்திருந்த ஒரு சாயங்காலம், வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டவனும் இவன்தான். அன்றைக்கும் அழுதுகொண்டேதான் பிடித்திருந்தான்.

நான் அப்போது கோவில்பட்டியில் ஒரு தனியார் நிறுவனத்தின் கண்காணிப்பு அறையில் வேலை பார்த்தேன். ஊரின் சில தெருக்களில் அந்த நிறுவனம் புது விளக்குக் கம்பங்கள் நட்டிருந்தது. ஒவ்வொரு கம்பத்திலும் ஒரு கேமரா, தூசியையும் சத்தத்தையும் அளக்க ஒரு கருவி, அதற்குக் கீழே செங்கல் அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி. தெருவில் போகிறவர்களின் செல்போன் விடும் சிக்னலைப் பிடித்து, எத்தனை பேர் போகிறார்கள் என்று அந்தப் பெட்டி எண்ணும். கேமரா வண்டி எண்களைப் படிக்கும். எல்லாம் ஒரு வணிக வளாகத்தின் இரண்டாவது மாடியில் இருந்த எங்கள் அறைக்கு வந்து சேரும். எந்தத் தெருவில் நெரிசல், எந்த நேரத்தில் எங்கே விளக்கு வேண்டும் என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை.

சேர்ந்த அன்றே சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். “இதுல பேரு கெடையாது தாயி. மூஞ்சி கெடையாது. ஒவ்வொரு போனுக்கும் ஒரு குறியீட்டு எண், அவ்வளவுதான். யாரு எவருன்னு நமக்கே தெரியாது.” அவர் மணியாச்சிப் பக்கத்துக்காரர், ஐம்பது வயதைத் தாண்டியவர், யாரையும் அதட்டாதவர். அவர் சொன்னதை நான் நம்பினேன். நம்பினேன் என்பதைவிட, அது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஒளிந்து வாழ்கிற ஒருத்திக்கு, பேரில்லாமல் வெறும் எண்ணாக இருப்பதைவிட வேறு என்ன வேண்டும்?

என் கணவர் அடிக்கிறவர். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை. அவர் கடைக்குப் போயிருந்த ஒரு முற்பகலில், ஏழு வயது மகளை முன்னால் நிறுத்தி, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பியவள் நான். போன் நம்பரை மாற்றினேன். வங்கிக் கணக்கை மாற்றினேன். வண்டி மட்டும் பழைய எண்ணோடு இருந்தது. அதை மாற்றப் போனால் புது விலாசத்தை எழுதிக் கொடுக்க வேண்டுமே என்று பயந்து அப்படியே விட்டுவிட்டேன்.

அந்த எண்ணைத்தான் என்னோடு வேலை பார்த்தவர் இப்போது கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தார். முப்பது வயதுக்காரர், தங்கமான குணம். என்னை அக்கா என்று கூப்பிடுவார். தினமும் என் வண்டிக்குப் பக்கத்தில்தான் தன் வண்டியை நிறுத்துவார். ஆனால் அடுத்த வண்டியின் எண்ணை யார் மனதில் வைத்திருப்பார்கள்?

முன்மேசையில் அவர் தேடுவது, உள்ளே என் எதிரில் இருந்த பெரிய திரையிலும் தெரியும். ஊரின் வரைபடம் வந்தது. மேற்கு ஓரத்தில், கரிசல் காடு தொடங்குகிற இடத்தில் இருக்கும் என் தெருமுனையில் ஒரு நீலப் புள்ளி முளைத்தது. பக்கத்தில் நேரம்: காலை ஐந்து நாற்பது, நான் காலை வேலைக்குக் கிளம்புகிற நேரம். அங்கிருந்து ஒரு கோடு மெல்ல நீண்டது. பால் பூத், பள்ளிக்கூட விலக்கு, ரயில்வே கேட். முந்தின நாள், அதற்கு முந்தின நாள், அதற்கும் முந்தின நாள் என்று கோட்டின் மேல் கோடு விழுந்து தடித்துக்கொண்டே வந்தது. அது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். நான் உட்கார்ந்திருந்த கட்டடத்தின் வாசலில்.

எழுந்தேனா, தவழ்ந்தேனா என்று ஞாபகம் இல்லை. மூலையில், அறை முழுவதுக்கும் மின்சாரம் தரும் யூ.பி.எஸ்.ஸின் பட்டனை அழுத்திப் பிடித்தேன். அறை முழுக்க இருட்டானது. விசிறிகள் ஓய்ந்தன.

“கரண்டு போயிருச்சே,” என்றார் அவர் முன்மேசையில்.

“ஒண்ணும் தெரியலையா அண்ணாச்சி?”

“முழுசா வரல. ஊருக்கு மேக்க எங்கனயோ இருந்து கெளம்புதாவ, அது மட்டும் தெரிஞ்சுது. நாளைக்கு வாங்களேன், பாத்துச் சொல்லுதேன்.”

“நாளைக்கு வாரேன் அண்ணாச்சி. நீங்க நல்லா இருக்கணும்.”

அவன் படியிறங்கும் சத்தம் கேட்டு முடியும்வரை நான் மேசைக்கு அடியில்தான் இருந்தேன். மேற்கே. அந்த ஒரு சொல்லை அவன் கையில் கொடுத்தாகிவிட்டது.

வெளிவேலையாகப் போயிருந்த சூப்பர்வைசர் மதியம் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஊரில் நான் முதன்முதலாக வாய் திறந்தது அவரிடம்தான். அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“வண்டி நம்பரத் தேடுததுக்கு இனிமே பூட்டுப் போட்டுருதேன்,” என்றார். “போலீஸ் எழுத்துல கேட்டாத்தான். ஆனா நீ போன் பெட்டிக்கெல்லாம் பயப்படாத. அதுல பேரு இல்லல்லா.”

எனக்கு அன்று என்ன வந்ததோ, அவரை மறுத்துப் பேசினேன். “நீங்க குடியிருக்க தெரு எனக்குத் தெரியும் அண்ணாச்சி. காலையில எத்தன மணிக்கு இங்கன வாரீங்கன்னும் தெரியும். இந்த ரெண்ட மட்டும் வச்சுத் தேடுதேன், பாக்கீங்களா?”

தேடினேன். அவர் தெருவில் ராத்திரி தங்கிய குறியீடுகள் நிறைய இருந்தன. அவற்றில் ஒன்பது மணிக்கு எங்கள் கட்டடத்துக்கு வந்த குறியீடு ஒன்றே ஒன்றுதான். அதை அழுத்தினேன். அவருடைய இரண்டு மாத வாழ்க்கை திரையில் விரிந்தது. காலை நடை. காய்கறி மார்க்கெட். மகள் வீடு. பிறகு வெள்ளிக்கிழமைதோறும் பிற்பகல், கம்பெனி மீட்டிங் என்று எங்களிடம் சொல்லிவிட்டுப் போகிற அந்த இரண்டு மணி நேரம். அந்தப் புள்ளி எந்த மீட்டிங்குக்கும் போகவில்லை. ஒரு குறிப்பிட்ட ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தது.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவசரமாக அதை மூடினேன். அது என்ன வைத்தியத்துக்கான ஆஸ்பத்திரி என்பது எனக்குத் தெரியும். இங்கே எழுத மாட்டேன்.

“எங்க வீட்டுக்காரிக்கே தெரியாது,” என்றார்.

அன்று சாயங்காலம் இருவரும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். கண்ணை மூடிக்கொண்டு தொட்டது போலச் சில குறியீடுகளை எடுத்தோம். ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம், ஒரு நேரம் மட்டும் தெரிந்தால் எத்தனை பேரோடு அது கலந்து நிற்கிறது என்று எண்ணினோம். பிறகு இரண்டு இடம், இரண்டு நேரம். பிறகு மூன்று. முதல் படியில் ஒரு கூட்டத்துக்குள் இருந்த புள்ளி, மூன்றாவது படியில் அநேகமாகத் தனியாக நின்றது. பஸ் ஸ்டாண்டிலும் மார்க்கெட்டிலும் திரிகிறவர்கள் கொஞ்சம் தாக்குப்பிடித்தார்கள். ஊர் ஓரத்தில் இருக்கிறவர்களுக்கு முதல் படியிலேயே தப்ப வழியில்லை. என் தெருவில் ஐந்தரைக்குத் தீப்பெட்டி ஆபீஸ் வேன் வந்து, அங்கே வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். அதற்குப் பிறகு ஐந்து நாற்பதுக்கு அந்தத் தெருவைத் தாண்டுகிற போன் ஒன்றுதான். பெயர் எழுதி ஒட்டியிருந்தால்கூட அவ்வளவு தெளிவாக இருந்திருக்காது.

வீட்டுக்கு வண்டியில் போகப் பயமாக இருந்தது. வண்டியைக் கட்டடத்தின் பின்பக்கம் மறைவாக நிறுத்திவிட்டு, போனை அணைத்து, சந்து சந்தாக நடந்தேன். முந்தின நாள் பெய்த மழையில் தெருமுனைக் கரிசல் குழைந்து கிடந்தது. செருப்பில் அப்பிய மண்ணோடு காலைத் தூக்கித் தூக்கி வைத்தேன். என் காலடித் தடம் வீட்டு வாசல்வரை அச்சு அச்சாகப் பதிந்திருந்ததைப் பார்த்து, துடைப்பத்தை எடுத்து வந்து கலைத்தேன். மகள் வாசலில் நின்று கேட்டாள்.

“என்னம்மா பண்ணுத?”

“ஒண்ணுமில்ல. உள்ள போ.”

மறுநாள் கொழுந்தன் சொன்னபடியே வந்தான். சூப்பர்வைசரே முன்மேசையில் உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே, கதவைத் தாழிட்டுக்கொண்டு.

“நேத்து அந்தத் தம்பி பாத்துத் தாரேன்னாரே?”

“அது தப்பு. அவரு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆளக் காணலன்னா ஸ்டேஷன்ல எழுதிக் குடுங்க. அவிய எழுத்துல கேட்டா நாங்க அவியகிட்ட குடுப்போம்.”

“குடும்பத்து விஷயம் அண்ணாச்சி. ஸ்டேஷனுக்குப் போனா அசிங்கம்லா.”

“அப்பம் என்னால முடியாது.”

அவன் போய்விட்டான் என்று நினைத்தோம். அரைமணி நேரம் கழித்துத் திரையில் பார்த்தால், எதிர்ப்புறம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

அதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்ல வேண்டும். பின்வாசல் வழியாக வேலைக்கு வந்து போனபடி, மூன்று நாட்கள் அவனைக் கேமராவில் பின்தொடர்ந்தேன். அவன் எந்த லாட்ஜில் தங்கியிருக்கிறான், எங்கே இட்லி சாப்பிடுகிறான், எத்தனை சிகரெட் பிடிக்கிறான், எந்தப் பெட்டிக்கடையில் கடலைமிட்டாய் வாங்குகிறான், எல்லாம் எனக்குத் தெரிந்தது. ஒரு கம்பத்தை விட்டு அகன்றால் அடுத்த கம்பத்தில் பிடிப்பேன். அவன் பைக்கில் மேற்கே போய், ஒவ்வொரு தெருமுனையிலும் நின்று நின்று பார்த்துவிட்டுத் திரும்புவதைப் பார்த்தேன். முதல் நாள் ஆறு தெரு. இரண்டாவது நாள் அதற்கடுத்த தெருக்கள். என் தெருவுக்கு இன்னும் இரண்டு தெருதான் பாக்கி. ராத்திரி படுத்தாலும் கண்ணுக்குள் அவன் நடந்துகொண்டிருந்தான். அவன் கண்ணில் படும்வரைதான் எனக்கு மூச்சு. அவன் இருக்கிற இடம் தெரிந்தால், என் மகள் இருக்கிற இடத்தில் அவன் இல்லை என்று அர்த்தம்.

மூன்றாம் நாள் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் அவனைக் காணவில்லை.

லாட்ஜ் வாசலில் இல்லை. டீக்கடையில் இல்லை. எல்லாக் கேமராவையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட், ரயில்வே கேட், மறுபடி பஸ் ஸ்டாண்டு. எங்கும் இல்லை. கடைசியாக அவன் பைக் தெரிந்த கம்பம், என் மகளின் பள்ளிக்குத் திரும்புகிற விலக்கில் இருந்தது. அதைத் தாண்டி நாங்கள் கம்பமே நடவில்லை.

செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கி ஓடினேன். ஆட்டோக்காரர் ஒருவர், “என்னக்கா, யாருக்கு என்ன?” என்று தானாகவே நிறுத்தினார். பள்ளிக்கூடம் என்ற ஒரு சொல்தான் என் வாயில் வந்தது. அவர் வேறு எதுவும் கேட்கவில்லை.

வாசலில் அவன் இல்லை. மைதானத்தில் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். ஆறாம் வகுப்பு ஜன்னல் வழியாக என் மகளின் பின்னந்தலை தெரிந்தது. பக்கத்தில் இருந்தவளோடு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். வராந்தாவிலேயே உட்கார்ந்தேன்.

தலைமையாசிரியை வந்து என்னைத் தன் அறைக்குக் கூட்டிப் போனார். விஷயத்தைக் கேட்டதும் வாட்ச்மேனைக் கூப்பிட்டு, அம்மாவைத் தவிர யார் வந்து கேட்டாலும் பிள்ளையை அனுப்பக் கூடாது என்றார். பிறகு என்னைப் பார்த்து, “நாலு வருசமா ஒளிஞ்சே இருந்திருக்கீங்க. இனிமேலும் ஒளிய முடியுமா?” என்று கேட்டார். “வாங்க, நானும் வாரேன்.”

மகளிர் காவல் நிலையத்தில் ஓர் இன்ஸ்பெக்டர் அம்மா பொறுமையாக எழுதிக்கொண்டார். இடையில் பேனாவை நிறுத்தினார். “மூணு நாளா அந்தாளு எங்க சாப்பிட்டான், எங்க படுத்தான்னு எல்லாஞ் சொல்லுதீங்களே, உங்களுக்கு எப்படித் தெரியும்?”

கேமராவில் பார்த்ததைச் சொன்னேன். அவனைக் காணவில்லை என்று நான் துடித்தது போலத்தான், என்னைக் காணவில்லை என்று என் கணவரும் வரைபடத்தில் தேடியிருப்பார் என்ற நினைப்பு அந்த நாற்காலியில் வைத்துத்தான் வந்தது. நான் ஓடியது பயந்து, அவர் தேடியது அடிக்க. ஆனால் திரைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் கோடு போட்டுக் கொடுத்திருக்கும்.

கொழுந்தனை அன்றே பிடித்து வந்துவிட்டார்கள். பள்ளி விலக்கைத் தாண்டி ஒரு மர நிழலில் பைக்கை நிறுத்தித் தூங்கியிருக்கிறான். மகள் அங்கே படிப்பது அவனுக்குத் தெரியுமா என்று கேட்டதற்கு, தெரியாது என்றே சாதித்தான். உண்மையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நிலையத்தில் என்னைப் பார்த்ததும், “மதினி, நல்லாருக்கீங்களா?” என்று கேட்டான். அழுதான்.

வழக்கறிஞர் ஒருவரின் உதவியோடு நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு வாங்கினேன். என் கணவர் என்னையோ மகளையோ நெருங்கக் கூடாது என்று உத்தரவு. அது கிடைத்த அன்று நீதிமன்ற வராந்தாவில் அவர் என்னைக் கடந்து போனார். கத்தவில்லை. நின்று, மெதுவாக, பழைய நாட்களில் காபி கேட்கிற குரலில், “மேக்க எந்தத் தெரு?” என்று மட்டும் கேட்டார். வழக்கறிஞர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அந்த மாதமே வீட்டை மாற்றினேன். ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள்.

அலுவலகத்தில் வேறொரு போராட்டம் நடந்துகொண்டிருந்தது. நாங்கள் போட்ட கணக்கை சூப்பர்வைசர் தலைமையகத்துக்கு எழுதியிருந்தார். குறியீட்டு எண்ணைத் தினமும் மாற்ற வேண்டும், ஒரு தெருவில் பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால் எண்ணிக்கையே காட்டக் கூடாது, வண்டி எண்களை அன்றன்றைக்கே அழித்துவிட வேண்டும், யாரையாவது தேடுவதென்றால் போலீஸ் கடிதமும் இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும் என்று கேட்டிருந்தார். கடைசி விஷயம் நான் சொல்லிச் சேர்த்தது. மூன்று நாட்களாக நான் யாரைத் தேடினேன் என்பது முழுக்கப் பதிவாகியிருந்தது. அவர் அதை என்னிடம் காட்டினார், திட்டவில்லை. நான்கூட இனி இதைச் செய்ய முடியாதபடி பூட்டுங்கள் என்று நான்தான் சொன்னேன்.

பேரே இல்லாத கணக்குக்கு எதற்கு இத்தனை பயம் என்று தலைமையகத்திலிருந்து பதில் வந்தது. மறுபடி எழுதினார். அதே பதில். மூன்றாவது தடவை, ஒரு குறியீட்டின் இரண்டு மாதக் கோட்டை அப்படியே படமெடுத்து, இந்த ஆள் யாரென்று இரண்டே தகவலில் கண்டுபிடித்தோம், இவருக்கு என்ன வியாதி என்றும் தெரியும் என்று எழுதி அனுப்பினார். கீழே தன் பெயரைப் போட்டு, இது நான்தான் என்று கையெழுத்திட்டிருந்தார்.

நான் பதறிவிட்டேன். “என்ன அண்ணாச்சி இப்படிப் பண்ணிட்டீங்க? வீட்டுக்கே தெரியாதுன்னீங்களே?”

“வீட்டுல நேத்தே சொல்லிட்டேன் தாயி,” என்றார். “வேற யாரு கோட்ட அனுப்ப முடியும்? அது அவியளுக்குச் சொந்தம்லா.”

தலைமையகம் எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. வண்டி எண்ணை ஒரு நாளில் அழிக்க முடியாது, ஒரு வாரம் இருக்கட்டும் என்றார்கள். மற்ற மூன்றும் நடந்தன. இப்போது அதிகாலையில் என் பழைய தெருவுக்கு நேரே திரை வெறுமையாக இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அவரும் மீட்டிங் என்று சொல்வதில்லை. ஆஸ்பத்திரிக்கு என்றே சொல்லிவிட்டுப் போகிறார்.

என்னோடு வேலை பார்த்தவர் ரொம்ப நாள் என் முகத்தைப் பார்க்காமலே இருந்தார். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தவர், சட்டென்று பேசினார்.

“அது உங்க வண்டின்னு எனக்குத் தெரியாதுக்கா. தெரிஞ்சிருந்தா தட்டியிருக்கவே மாட்டேன். அவன் அழுதானா, நான் நம்பிட்டேன்.”

“என் வண்டியா இல்லாம, தெரியாத பொம்பள வண்டியா இருந்திருந்தா?”

அவர் டப்பாவைத் தள்ளி வைத்தார். நான் அப்படிக் கேட்டிருக்க வேண்டாம். அந்த மேசையில் அன்று நான் இருந்து, வேறு யாரோ ஒருவன் வேறு யாரோ ஒருத்தியைத் தேடி வந்து அப்படி அழுதிருந்தால், நானும்தான் தட்டியிருப்பேன். அதை அவரிடம் சொன்னேன். அதற்குப் பிறகுதான் அவர் டப்பாவைத் திறந்தார்.